மோட்டாருக்குத் தர்ப்பை

நகரியில் இந்திராணியின் கொட்டகைக்குள் இறங்கும் வெயில், ஓடாமல் நிற்கும் நான்கு விசைத்தறிகளின்மேல் வெட்டியாகக் காய்கிறது. சூரியப் புயல் மின்சாரச் சாமான்களைக் கருக்கிவிடும் என்று செல்போனில் பார்த்த அவள் புருஷன் கன்னையா, காலையிலேயே மெயினை அணைத்து, கிரகணத்துக்கு ஊறுகாய் ஜாடியில் போடுவதுபோல மோட்டாருக்கு மோட்டார் தர்ப்பை செருகியிருக்கிறான். “சாயங்காலம் சேலை எடுக்க வண்டி வந்தா தர்ப்பையவா ஏத்தி அனுப்புவ?” என்று கத்துகிறாள் இந்திராணி. “மோட்டார் எரிஞ்சிபூட்டா இன்னா பண்ணுவ?” என்கிறான் அவன். மெயின் சுவிட்சில் தொங்கும் தர்ப்பையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளே சுவிட்சைப் போடுகிறாள். தறிகள் தடதடக்கின்றன. சேலை நான்கு விரல் வளர்வதற்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. தினமும் பதினோரு மணிக்குப் போகிற கரண்டு. இனி மூன்றுக்குத்தான் வரும். “சொல்லிக்கினே இருந்தேன், கேட்டியா?” என்று கன்னையா கீழே கிடக்கும் தர்ப்பையை எடுத்துக் கண்ணில் ஒற்றி, மறுபடியும் சுவிட்சில் செருகுகிறான்.