ஒரு விரல் குட்டை

பவுனம்மாளின் அடிக்கோலைப் பழனியப்பன் வாத்தியார் முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தார். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

"எங்கப்பா ரயில் பட்டறையில அளந்து வெட்டுனது சார் இது!" என்றாள் அவள்.

"இருக்கட்டும். பதினோரு பேரு கோலும் என் கோல் மாதிரியே இருக்கு. உன்னோடது மட்டும் ஒரு விரல் குட்டை. ஆளுக்கொரு அளவு வெச்சுக்கிட்டா என்ன ஆகும்னு நேத்துப் பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தார்கள். முந்தின நாள் ஒவ்வொருவரும் வகுப்பறையைத் தன் பாதத்தால் அளந்தார்கள். பாலனுக்கு இருபத்தெட்டு வந்தது, பவுனம்மாளுக்கு நாற்பத்தொன்று. "எனக்குத்தான் பெரிய வகுப்பு!" என்று அவள் கத்த, சிரித்த சிரிப்பில் ஒரு பெஞ்சு கவிழ்ந்தது.

இன்று மூங்கில் கோல் வந்ததும் அவர்களைப் பிடிக்க முடியவில்லை. கரும்பலகையை அளந்தார்கள். வாசலில் படுத்திருந்த மாட்டை அளந்தார்கள். அது எழுந்து போனதால் பாதியில் விட்டார்கள்.

பவுனம்மாள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, வாத்தியார் கோலைப் பக்கத்தில் வைத்துப் புது மூங்கில் வெட்டினாள். வெட்டி முடித்தபோது பள்ளிக்கூட வாசலில் ஒரு லோரி வந்து நின்றது.

ஜப்பான்காரர்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் குமாஸ்தா, கிராணி நாகையா, ஒரு ஜப்பான் அதிகாரியோடு இறங்கினார். சயாமில் ரயில் பாதை போட ஆள் போதவில்லையாம். ஐந்தடி உயரம் எட்டிய பையன்கள் எல்லாரும் லோரியில் ஏற வேண்டும்.

சிரிப்பு நின்றது. வகுப்பிலேயே உயரமானவன் பாலன். அவன் அப்பா ஏற்கெனவே அந்தப் பாதை போடப் போனவர். ஒரு கடுதாசிகூட வரவில்லை.

"டேப்பு கொண்டாரலையா கிராணி?" என்று கேட்டார் வாத்தியார்.

"போன வாரம் செந்தூல்ல பையன்களை அளந்தப்ப எவனோ தூக்கிட்டுப் போயிட்டான் லா. நம்ம பிரிக்பீல்ட்ஸ் பூரா சிரிக்குது, உமக்குத் தெரியாதாக்கும்? பள்ளிக்கூடத்துக் கோலைக் கொடும்."

வாத்தியார் தன் கோலால் அளந்து வெட்டி மூலையில் வைத்திருந்த ஐந்தடிக் கம்பை எடுத்துச் சுவரோடு நிறுத்தினார். ஏழு பையன்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். ஆறு பேர் தலையும் உச்சிக்கு வெகு கீழே நின்றது.

கடைசியாகப் பாலன் வந்தான். முழங்காலை மெல்ல மடக்கிப் பார்த்தான். நாகையா அதிலேயே ஒரு தட்டுத் தட்டினார்.

"நேரா நில்லுடா, தவளை!"

நிமிர்ந்தான். அப்போதும் தலை உச்சிக்கு ஒரு விரல் கீழேதான் இருந்தது.

"மரவள்ளிக்கிழங்கையே தின்னா எங்க வளரும்?" என்றார் நாகையா. அதிகாரி சிரிக்கவில்லை. கம்பைக் காட்டி மலாய் மொழியில் ஏதோ கேட்டான்.

"இது சரியான அஞ்சடிதானான்னு கேக்குறாரு வாத்தியாரே. பொய்யா இருந்தா உம்மையும் ஏத்திருவாராம்."

வாத்தியார் கம்பைத் தரையில் கிடத்தினார். "என் பேச்சு எதுக்கு? புள்ளைங்க கோலை வெச்சுப் பாக்கச் சொல்லுங்க."

அதிகாரி தானே ஐந்து பிள்ளைகளைப் பொறுக்கினான். ஐந்து கோல்களும் தரையில் நுனியோடு நுனி ஒட்டி வரிசையாகக் கிடந்தன, கம்பு பக்கத்தில் கிடந்தது. இம்மி பிசகவில்லை. வேறு ஐந்து பேரைக் கூப்பிட்டான். அப்போதும் அப்படியே. பவுனம்மாளின் புதுக் கோல்கூடப் பொருந்தியது.

"பாகுஸ்! பாகுஸ்!" என்று வாத்தியாரின் முதுகில் அறைந்து பாராட்டிவிட்டு அவன் ஏறிக்கொண்டான். லோரி காலியாகத் திரும்பிப் போனது.

சத்தம் ஓய்ந்ததும் வகுப்பு வெடித்தது. பாலன் பெஞ்சின் மேல் ஏறி ஆடினான்.

"குட்டையனா இருக்குறதுல இவ்ளோ சந்தோசமாடா?" என்றாள் பவுனம்மாள்.

"ஆமாடி! நான் குட்டையன்! நான் குட்டையன்!"

வாத்தியார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். லோரி தெருமுனை தாண்டிவிட்டதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிறகு, கோல்களையும் கம்பையும் அடுப்பில் போடச் சொன்னார்.

"ஏன் சார்?" என்று பெஞ்சிலிருந்து குதித்தான் பாலன். "எல்லாம் ஒரே அளவாத்தானே இருக்கு?"

"இருக்கு. நாளைக்கு, ஒரு அடின்னா நெசமா எவ்வளவு நீளம்னு சொல்லித் தரேன்."