வானத்தில் ஒரு வள்ளல்

கவுன்சிலர் இளவழகனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, வானத்தில் அவர் முகத்தை மேகமாகவே வரைந்திருந்தாள் பரிமளா. நான்கு மாதங்களுக்குப் பிறகு ஊருக்குள் வந்த முதல் மேகம் அது. ஊர்வலம் முடியும்வரை அது கரையக் கூடாது என்பது ஒப்பந்தம். கீழே தெருவே காலிக் குடங்களோடு அண்ணாந்து நின்றது. பரிமளாவின் அம்மாவும் நின்றாள்.

"முகம் மட்டும் போதாதும்மா. கீழ 'வள்ளலே'ன்னு பெருசா போடு," என்றார் மொட்டை மாடியில் அவள் பக்கத்தில் நின்ற கவுன்சிலர்.

போட்டாள். கடைசி எழுத்தும் மிதந்து வந்து சேர்ந்ததும், மழையைத் தடுத்து வைத்திருந்த மேகக் கருவியின் விசையை மெல்ல விட்டாள். முதலில் மீசை நனைந்து தொங்கியது. பிறகு குடங்களில் தாளம் கேட்டது.

"என்னம்மா, மூஞ்சி கரையுது?"

"வள்ளல்னு எழுதுனோம்ல அண்ணே. மேகம் நம்பிடுச்சு."