அப்பா சிரித்த படம்

பூங்காவில் அன்று காலை எடுத்த குடும்பப் படத்தில் அப்பா சிரித்திருந்தார். மனைவி இறந்தபின் எந்தப் படத்திலும் சிரிக்காத அவரை ஒருமுறையேனும் சிரிக்கவைக்க வேண்டும் என்பதே மூத்த மகளின் வேண்டுகோள். புகைப்படக்காரிக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. எல்லோர் பார்வையும் கேமராவுக்குச் சற்றே வலப்புறம் சென்றிருந்ததைக்கூட அவள் பொருட்படுத்தாமல், மகளைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"நிஜமாவா? எங்கப்பா படத்துலயும் சிரிச்சிருக்காரா? கேமராவைப் பார்த்தாலே உர்ருன்னு ஆயிடுற மனுஷனாச்சே."

"பல்லெல்லாம் தெரியுதுக்கா."

"எல்லாம் உங்ககூட வந்த அண்ணனாலதான். குழந்தைக்காக அவரு முயல் காது காட்டினா, எங்கப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறாரு."

"நான் தனியாத்தானேக்கா வந்தேன்."

"விளையாடாதீங்க. உங்க பக்கத்துலயே நின்னாரே. அவருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடுங்க. படம் எப்ப வரும்?"

"இப்பவே அனுப்புறேன்."

அவள் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் திரையில் பெரிதாக்கினாள். அதில் பிரதிபலிக்கும் தன் உருவத்தை அழித்த பின்னரே படத்தைக் கொடுப்பது அவளது வழக்கம். கண்ணாடியில் அவள் மண்டியிட்டிருந்தாள். அவளருகே ஒருவர் இரு கைகளையும் தலைமேல் காதுகளைப்போல் உயர்த்தி நின்றார்.

முதலில் அவரை அழித்தாள். படத்தில் அப்பாவின் உதடுகள் மூடிக்கொண்டன. அழித்தவரை மீட்டாள். அப்பா மறுபடியும் பல் தெரியச் சிரித்தார்.

பிறகு, தன்னை மட்டும் அழித்துவிட்டுப் படத்தை அனுப்பினாள்.