மணிவிழாச் சால்வை

கழுத்தைச் சுற்றிய பட்டுச்சால்வையைச் சரிசெய்துகொண்டு, சொற்கொண்டல் சிவசுப்பிரமணியம் சிமியோனின் கட்டிலருகே வந்து நின்றார். கையில் ஒரு சீப்புக் கதலிப்பழம்.

மின்சாரமில்லாத ஆஸ்பத்திரி வாட்டில் ஆண்கள் எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். சொற்கொண்டலின் சால்வையோ அவருடைய அறுபதாம் ஆண்டு மணிவிழாவில் போர்த்தியது. வெயிலுக்காகக் கழற்றிவிடக்கூடிய சாமானல்ல.

“சிமியோன், உமக்கு வயசென்ன?”

“அறுபத்தாறு, ஐயா.” குருநகர்க் கடலில் வலை இழுத்த கை, கழுத்தில் வீங்கியிருந்த கட்டிகளைத் தடவியது.

“உங்கடை யேசுநாதர் முப்பத்துமூண்டோடை திருப்திப்பட்டவர். உமக்கு அதிலை ரெண்டு மடங்கு கிடைச்சிட்டுது.”

சிமியோன் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

அவருக்கு வந்திருப்பது ஹொட்ஜ்கின் என்ற நிணநீர்ப் புற்றுநோய். எத்தனையோ யுத்தத் தடைகளைத் தாண்டிச் செஞ்சிலுவைக் கப்பலில் வந்த ஊசி மருந்து ஒருவருக்குத்தான் காணும். சிமியோன் வேண்டாமென்றால் வரிசையில் அடுத்த நோயாளிக்குப் போகும்.

“வயசு போனாலும் பாத்துப் பாத்து ஏத்தினால் சுகமாகுமெண்டு டொக்டர் சொன்னவர்” என்றாள் மனைவி லூர்த்தம்மா.

“டொக்டர்மார் அப்பிடித்தான் சொல்லுவினம், பிள்ளை. தலைமயிர் கொட்டும். சத்தியெடுத்துக் குடல் வெளியிலை வரும். அறுபது தாண்டின உடம்பு அதைத் தாங்குமோ? இந்த வயசிலை மருந்துக்கு நிக்கிறது, சாப்பிட்டுக் கை கழுவினவன் திரும்பவும் பந்தியிலை குந்துறமாதிரி.”

சொற்கொண்டலுக்குச் சுருதி ஏறியது. தியாகம், ஈகை, யாக்கை நிலையாமை என்று கோயில் திருவிழாக்களில் மூன்று இரவுகளுக்கு இழுக்கும் சங்கதியை, இங்கே ஐந்து நிமிடத்தில் முடித்தார். அப்படியோர் அவசரம். நெற்றி வியர்வையைச் சால்வைத் தொங்கலால் ஒற்றிக்கொண்டாரே தவிர, சால்வையைத் தளர்த்தவில்லை.

சிமியோன் மனைவியைப் பார்த்தார்.

“விடு, லூர்த்து. ஐயா படிச்ச மனிசன். ஆராவது இளசு பிழைக்கட்டும்.”

“ஐயாவுக்கென்ன, பேசிப்போட்டுப் போயிடுவார். நானெல்லோ தனிச்சுப் போவன்” என்றாள் லூர்த்தம்மா. செபமாலை அவள் விரல்களுக்குள் நசிந்தது.

“உதுதான் பற்று” என்று சொற்கொண்டல் விளக்கம் கொடுத்தார்.

அந்நேரம் மருந்துத் தட்டுடன் தாதி அருமைநாயகி வந்தாள். சொற்கொண்டல் வாட்டு முழுதும் கேட்க அறிவித்தார்.

“மிஸ்ஸி, அறுபது தாண்டினவைக்கு இந்த மருந்து தேவையில்லை. சிமியோன் சந்தோசமா விட்டுக்குடுத்திட்டார்.”

தாதி தட்டைக் கீழே வைத்தாள். சிமியோனைப் பார்த்தாள், லூர்த்தம்மாவைப் பார்த்தாள், கடைசியாகச் சொற்கொண்டலைப் பார்த்தாள்.

“அப்ப உங்கடை சால்வைக்குள்ளை கிடக்கிற கட்டிக்கும் வேண்டாம்தானே, ஐயா?”