அழ ஓர் இடம்

அன்று காலை சோபா கடைக்குள் இருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். முதலாளி ஒருவர். கழுத்தில் எப்போதும் அளவு டேப்பைத் தொங்கவிட்டிருப்பதால் ‘டேப்பு’ என்றே பெயராகிப்போன விற்பனையாளர் ஒருவர். கடையின் வெப்சைட்டைக் கவனிக்கும் கம்ப்யூட்டர்காரப் பெண் ஒருத்தி. மற்ற ஆறு பேரும் அழ வந்தவர்கள்.

சோபா வாங்க வந்தவர் யாருமில்லை.

“கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க சார்,” என்று விசும்பினாள் ஒரு பெண்மணி. “நாங்க மூணு பேரும் ஒரே குடும்பம். சேர்ந்து அழணும்.”

முதலாளியின் வழுக்கை சிவந்தது. கம்ப்யூட்டர்காரப் பெண்ணிடம் திரும்பினார்.

“சோபான்னு தேடினா நம்ம கடை ஒன்பதாம் பக்கத்துல வருது. ‘அழ ஒரு இடம்’னு தேடினா முதல்ல வந்து நிக்குது. என்னம்மா கூத்து இது?”

“மத்தவங்க அவங்க வெப்சைட்ல நம்ம கடைக்கு லிங்க் கொடுக்கறாங்க இல்லையா சார், எந்த வார்த்தை மேல கொடுக்கறாங்கன்னு தேடுபொறி பார்க்கும். முப்பத்தேழு பேர் ‘இங்கே அழலாம்’ங்கற வார்த்தையில கொடுத்திருக்காங்க. சரி, இது அழற இடம்தான்னு அது முடிவு கட்டிடுச்சு.”

“இருநூறு இடத்துல ‘சிறந்த சோபா’ன்னு போடச் சொன்னேனே?”

“போட்டேன் சார். இருநூறும் ஒரே வார்த்தை, ஒரே வாரத்துல. நாமளே போட்டுக்கிட்டதுன்னு கண்டுபிடிச்சு ஒன்பதாம் பக்கத்துக்குத் தள்ளிடுச்சு.”

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்,” என்றார் மூலை சோபாக்காரர். “அழுகை நின்னு நின்னு போகுது.”

முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

“அந்த முப்பத்தேழுல முதல் லிங்க்கை எடு. இதையெல்லாம் ஆரம்பிச்சு வெச்சவன் எவனோ, அவன் இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்.”

வேலை போகப்போவது தனக்குத்தான் என்று டேப்பு நினைத்தார். பதினான்கு வருட வேலை. வந்தவர்களுக்கு ஃபேன் போட்டதும், டிஷ்யூ பெட்டி வைத்ததும் அவர்தான். தன் அடர்ந்த முடியைச் சொறிந்துகொண்டு நின்றார்.

கம்ப்யூட்டர்காரப் பெண் வாசித்தாள். மூன்று வருடத்துக்கு முன் யாரோ ஒரு பெண் எழுதியது.

“அப்பா இறந்துபோன வாரம். வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். அழ ஒரு மூலைகூட இல்லை. வழியில் இருந்த கடைக்குள் போய் உட்கார்ந்தேன். கடையில் இருந்தவர் விலை எதுவும் சொல்லவில்லை. ‘சோபான்னா ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பார்க்கணும்மா’ என்றார். கதவுப் பலகையை ‘கடை மூடியிருக்கிறது’ என்று திருப்பிவிட்டு வெளியே போய் நின்றார். நல்ல மழை. அவர் வழுக்கையில் சொட்டு விழுந்து தெறிப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடியே அழுதேன். நடுவில் கொஞ்சம் சிரித்தும்விட்டேன்.”

அழுதுகொண்டிருந்த ஆறு பேரும் நிறுத்திவிட்டு முதலாளியின் தலையைப் பார்த்தார்கள்.

“அது… அன்னைக்கு… சும்மா காத்து வாங்கப் போனேன்.”

“கொட்டற மழையிலயா முதலாளி?” என்றார் டேப்பு.

முதலாளி சாவிக்கொத்தை எடுத்து டேப்புவின் கையில் வைத்தார்.

“எதுக்கு முதலாளி?”

“சொன்னா சொன்னதுதான்யா. நான் வீட்டுக்குப் போறேன்.”

வாசல்வரை போனவர் திரும்பினார்.

“ஏம்மா, அந்த ‘சிறந்த சோபா’ இருநூறையும் எடுத்துடு.”

“அப்போ இந்த முப்பத்தேழு சார்?”

“அவங்க உட்கார்ந்து பார்த்துட்டுல்ல எழுதியிருக்காங்க. இருக்கட்டும்.”

வெளியே போய்க் கதவைச் சாத்தினார். பலகையை ‘கடை மூடியிருக்கிறது’ என்று திருப்பிவிட்டு நடந்தார்.

உள்ளே மீதி எட்டுப் பேர்.