பூட்டிய கிணறு

கிணற்றுக்குப் பூட்டு போட்டுவிட்டாள் ஆக்சிலியா.

அந்தமானின் கராச்சர்மாவில் அந்தச் சந்துக்காரர்கள் வீட்டுக் கதவைக்கூடச் சில நாள் பூட்ட மறப்பார்கள். கிணற்றை மட்டும் யாரும் பூட்டியதே கிடையாது. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் யார் கிணற்றிலும் யாரும் வாளி போடலாம், ஒரு வார்த்தை கேட்கவும் வேண்டாம். அப்படிப்பட்ட இடத்தில் இரும்பு மூடி, அதன்மேல் ஒரு பூட்டு!

எதிர்வீட்டு மத்தியாஸுக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன ஆக்சிலியா, உள்ள தங்கம் புதைச்சு வெச்சிருக்கியா?"

"சோதனை முடியிற வரைக்கும் கிணறு பந்த் அண்ணே. யாரும் இறைக்கக் கூடாதுன்னு மேடம் சொன்னாங்கல்ல?"

"அரே, மேடம் ஆயிரம் சொல்வாங்க. நமக்கு மூளை வேண்டாமா?"

விஷயம் இதுதான். சந்துக்குப் பின்னாலிருக்கும் மலையை வெட்டி ஜல்லி எடுக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. மழைத் தண்ணீர் அந்த மலையின் பாறை வெடிப்புகளில்தான் தேங்குகிறது, அங்கிருந்துதான் கிணறுகளுக்கு ஊறி வருகிறது என்றார்கள் சந்துக்காரர்கள். குவாரிப் பள்ளம் ஆழமாகப் போனால் அத்தனையும் அதற்குள் வடிந்துவிடுமே! அதெல்லாம் வடியாது, நடுவில் களிப்பாறை இருக்கிறது, அது தடுத்துவிடும் என்றது கம்பெனி.

யார் சொல்வது சரி என்று பார்க்க வந்தவர்தான் நிலத்தடி நீர் அதிகாரி உமா மகேஸ்வரி. மலையில் ஓர் ஆழ்துளைக் கிணறு போட்டு, மோட்டார் வைத்து, மூன்று நாள் விடாமல் தண்ணீரை வெளியேற்ற ஏற்பாடு செய்தார். சந்திலிருந்த ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் நீர்மட்டத்தைப் பதிந்துகொண்டே இருக்கும் கருவி ஒன்றைத் தொங்கவிட்டார்.

"மலையில மோட்டார் ஓடும்போது உங்க கிணறும் இறங்கினா, குவாரிக்கு அனுமதி கிடைக்காது" என்றார்.

மத்தியாஸுக்கு அது போதாதா? மோட்டார் இறக்கினால் என்ன, நாமே இறக்கினால் என்ன!

மேடம் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து மொத்தச் சந்தும் வாளியும் கயிறுமாகக் கிளம்பிவிடும். மத்தியாஸ்தான் தளபதி. டிரம், அண்டா, குழந்தைகள் குளிக்கும் டப்பு, எல்லாம் நிரம்பி வழிந்தன. இத்தனை கிணறுகளும் சேர்ந்து இறங்குகிற அழகைப் பார்த்து அவருக்கு ஒரே பெருமை.

ஆக்சிலியாவின் கிணறு மட்டும் அசையவில்லை.

"அவ ஏன் திறக்கப் போறா? டெர்வினுக்குக் குவாரியில பொக்லைன் ஓட்டுற வேலை தர்றதா கம்பெனிவாலா சொல்லியிருக்கானாம்" என்றாள் மத்தியாஸின் மனைவி அமுதம். டெர்வின், ஆக்சிலியாவின் ஒரே மகன். "ஒத்தப் புள்ளைக்காக நம்ம எல்லாரையும் வித்துட்டா!"

மறுநாள் ஆக்சிலியா குடத்தோடு மத்தியாஸ் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே டிரம் டிரம்மாகத் தண்ணீர். அமுதம் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள். ஆக்சிலியா பஸ் ஸ்டாப் குழாய்க்குப் போய் வரிசையில் நின்றாள்.

நல்லா நிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார் மத்தியாஸ்.

சோதனை முடிந்தது. மேடம் கருவிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார். சந்தே சுற்றி நின்றது. பார்க்கப் பார்க்க அவர் முகம் கடுகடுத்தது.

"இதென்ன, படிக்கட்டு மாதிரி திடீர் திடீர்னு இறங்கியிருக்கு? யார் இறைச்சது?"

எல்லார் பார்வையும் மத்தியாஸ் பக்கம் திரும்பியது.

"மோட்டார் இழுத்தா தண்ணி சீரா இறங்கும். இது வாளி போட்டு இறைச்சது. எல்லாக் கிணத்துலயும் இதே கதை. கம்பெனி ஆளுங்க பார்த்தவுடனே சிரிப்பாங்க. இதுல ஒண்ணைக்கூட நான் கணக்குல சேர்க்க முடியாது."

மத்தியாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். நம்ம கையாலேயே குவாரிக்கு வழி விட்டுட்டோமே!

"இன்னும் ஒரு கிணறு பாக்கி" என்ற மேடம், தன் கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து ஆக்சிலியாவின் பூட்டைத் திறந்தார்.

இந்த முறை லேப்டாப்பில் கோடு வழுக்கிக்கொண்டு போனது. மோட்டார் போட்டதிலிருந்து இறங்கி இறங்கி, நிறுத்திய பிறகு மெல்ல ஏற ஆரம்பித்திருந்தது.

மேடத்தின் முகம் மலர்ந்தது. "களிப்பாறை ஒண்ணும் தடுக்கல. மலையில இறைச்சா இங்க வத்துது. யாரும் கை வைக்காத இந்த ஒரு கிணறு போதும். குவாரி கூடாதுன்னு எழுதிடறேன்."

சந்தே ஆரவாரித்தது. மத்தியாஸால் மட்டும் அதில் சேர முடியவில்லை. எப்பேர்ப்பட்ட மனுஷி இவள், இவளையா அப்படிப் பேசினோம் என்று வெட்கமாக இருந்தது. நேராக ஆக்சிலியாவிடம் போனார்.

"மாஃப் கரோ தங்கச்சி, மன்னிச்சிடு. எங்க புத்தி உனக்குத் தெரிஞ்சிருக்கு. நாங்க வந்து இறைச்சிடுவோம்னு பயந்துதானே பூட்டி, சாவியையும் மேடம்கிட்டக் கொடுத்துட்ட?"

ஆக்சிலியா தலையாட்டி மறுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் பயந்து இல்லண்ணே. குவாரி வரலேன்னா எம் புள்ள வேலை தேடி மெயின்லேண்டுக்குக் கப்பலேறிடுவான். தண்ணி இறங்குறதைப் பார்த்தா, யாருக்கும் தெரியாம நானே நாலு குடம் உள்ள ஊத்திடுவேனோன்னு எனக்குப் பயந்துதான் பூட்டினேன்."