அவள் பெயரில் ஓர் இணைப்பு

ஒன்பதாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய்.

எழுத்தைக் கூட்டி மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அதேதான் வந்தது.

பாதாளச் சாக்கடைக் கட்டணம். மாதம் தொண்ணூறு வீதம் ஒன்பது வருடப் பாக்கி. பதினைந்து நாளில் கட்டாவிட்டால் வீட்டுக் குடிநீர்க் குழாய் துண்டிக்கப்படும்.

கீழே நகராட்சி முத்திரை. மேலே அவள் பெயர். அப்பா பெயரும் சரியாகத்தான் இருந்தது.

அவள் வீட்டில் கக்கூசே கிடையாது.

விடியுமுன் எழுந்து பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பறைக்கு நடப்பாள். ஐந்து ரூபாய். அங்கிருந்து அப்படியே சித்தாள் வேலைக்குப் போய்விடுவாள்.

ஒரு நாள் கூலி போனால் போகட்டும் என்று நகராட்சிக்குப் போனாள்.

"கனெக்‌ஷனே இல்ல சார். எதைக் கழுவுனதுக்குக் காசு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எழுத்தர் தலையை நிமிர்த்தவில்லை.

"இணைப்பு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் கட்டணும். விதி அது. ஒங்க பேர்லதான் இருக்கு."

"எங்கன இருக்குன்னு காட்டுங்க சார். இப்பவே போயி உக்காந்துக்கிறேன்."

எழுத்தருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய் ஒரு கோப்பைத் தட்டி எடுத்துவந்தார். பிரித்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

இணைப்பு கோருபவர் என்ற இடத்தில் அவள் பெயர். அதற்கு நேரே ஒரு ரேகை.

நீல மை. ரேகையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.

அவள் தன் இடது கட்டைவிரலைப் பார்த்தாள். செங்கல் நசுக்கிய தழும்பு, அதே இடத்தில் குறுக்கே ஓடியது.

சாட்சி என்ற இடத்தில் பூபாலன் என்று இருந்தது. கொம்பும் சுழியுமாக அழகான கையெழுத்து.

அண்ணன்.

"எங்க அண்ணன் சார்," என்றாள்.

ஒன்பது வருடத்துக்கு முன், அப்பா செத்த பதினாறாம் நாள். அண்ணன் மைப்பெட்டியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வாரிசுச் சான்றுக்கு என்றான். அப்போது அவளுக்கு எழுத்துத் தெரியாது. அழுதுகொண்டே கையை நீட்டினாள். விரலைப் பிடித்து உருட்டி வைத்தவன் அவன்தான். தேங்காயெண்ணெய் தொட்டு மையைத் துடைத்துவிட்டவனும் அவன்தான்.

அந்தத் துடைப்பை நினைத்து எத்தனை நாள் உருகியிருக்கிறாள்.

"சின்ன வீட்டுக்கு டெபாசிட் கெடையாதும்மா," எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "மாசக் கட்டணமும் கம்மி. மூணு குடித்தனம் இருக்கிற மாடி வீடுன்னா இருவதாயிரம் கட்டியிருக்கணும். ஒங்க அண்ணன் வீடு எங்க?"

"பக்கத்துச் சுவரு."

எழுத்தர் கோப்பை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார்.

அவள் வாசலில் ஓர் இரும்புச் சாக்கடை மூடி உண்டு. அண்ணன் வீட்டு மூடி என்று ஒன்பது வருடமாக அதைத் தாண்டித் தாண்டித்தான் நடந்திருக்கிறாள்.

"நான் கேக்கல, நான் பொழங்கலன்னு எழுதிக் குடுங்க. ஆய்வாளர் வந்து பாப்பாரு. உண்மைன்னா குழாயை அடைச்சிட்டுப் பாக்கியைத் தள்ளுபடி பண்ணிருவாரு."

மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"வேணாம் சார். பேனா குடுங்க."

ஏழு வரி. அரை மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் காலை ஆய்வாளரும் ஒரு பணியாளரும் வந்தார்கள். கம்பியால் நெம்பி மூடியைத் தூக்கினார்கள்.

சோப்பு நுரை ஓடியது. கதகதப்பான தண்ணீர். குழாய் அண்ணன் வீட்டுச் சுவரிலிருந்து வந்தது.

அவள் வீட்டுப் பக்கம் ஓட்டையே இல்லை.

அண்ணன் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"என்ன தாயி, கூடப் பொறந்தவன் மேலயா எழுதிக் குடுப்ப? ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே கட்டியிருப்பேன்ல?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். எதையோ தேடினாள். கோபம் மட்டும்தான் இருந்தது.

"விடியக்காலம் நான் எங்க போறேன்னு ஒனக்குத் தெரியும்லண்ணே?"

அண்ணன் குழாயைப் பார்த்தான்.

"தெனமும் மாடியில நின்னு பல்லு வெளக்கிக்கிட்டே பாப்பீல்ல?"

அண்ணன் தூக்கிக் கட்டிய கைலியை இறக்கிவிட்டான்.

பணியாளர் குழாய் வாயில் சாக்கைத் திணித்து, செங்கல் துண்டு வைத்தார். சட்டியில் சிமெண்டைக் கலக்கினார்.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி அதிகம். நிக்காது."

குந்தி உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு கை சிமெண்டு போட்டுப் பிசைந்தாள். பதம் வந்ததும் கையை நீட்டினாள்.

"கரண்டியக் குடுங்க."

அவர் ஆய்வாளரைப் பார்த்தார். பிறகு கொடுத்தார்.

முப்பது வருடம் கலவை சுமந்தவள். ஒரு கொத்தனாரும் அவள் கையில் கரண்டி கொடுத்ததில்லை.

பூச்சு மேடு பள்ளமில்லாமல் விழுந்தது. ஓரத்தை அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். நுரை வந்த வழி அடைபட்டது.

ஆய்வாளர் தாளைச் சுவரில் வைத்து எழுதினார். இணைப்பு துண்டிக்கப்பட்டது. பாக்கி முழுவதும் தள்ளுபடி. கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினார்.

இரண்டு கையிலும் சிமெண்டு.

"அண்ணங்கிட்டக் குடுங்க சார். எங்க வீட்டுல மொதல்ல படிச்சவரு அவருதான்."

அண்ணன் வாங்கினான்.

மாடியில் யாரோ தண்ணீரைத் திறந்துவிட்டார்கள்.